7 அடி மடக்கு ராம்ப், நான்கு பெல்ட்: மலைநாட்டு வேனில் மின் சக்கர நாற்காலி ஏற்ற இது போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹையேஸ், கேரவன், எவ்ரி மாதிரியான வேனில் மின் சக்கர நாற்காலி ஏற்றப் போகிறவர்கள் 5 அடி ராம்ப் (சாய்வுப் பலகை) வாங்கினால் காசுக்குக் கேடு. 6 அடி, இடம் தோதாக அமைந்தால் மட்டும் உதவும். 7 அடி மடக்கு ராம்ப் நல்ல சாமான்தான். ஆனால் வேனை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறோம் என்பதில்தான் அதன் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. பெட்டியில் வரும் கையேடு சமதரையை மனதில் வைத்து எழுதியது. இலங்கை மலையகத்தில், அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் லயத்து வாசலிலோ டிஸ்பென்சரி வாசலிலோ வேன் நீளத்துக்குச் சமதரை கிடைப்பதே அபூர்வம்.

இங்கே பார்க்கும் ராம்ப், நான்காக மடியும் ஒற்றைப் பலகை அலுமினிய வகை. விரித்தால் 213 செ.மீ. நீளம், ஏறக்குறைய 75 செ.மீ. அகலம், எடை 20 கிலோவை ஒட்டி. மடித்தால் நீளம் பாதியாகும், கைப்பிடி பிடித்துத் தூக்கலாம். தாங்கும் எடை 270 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த 270ஐத்தான், உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். மடக்கு லித்தியம் நாற்காலி பற்றரியோடு 25 முதல் 30 கிலோ, ஈயப் பற்றரி போட்ட சாதாரண மின் நாற்காலி 45 முதல் 60 கிலோ, முதுகு சாய்கிற, இருக்கை உயர்கிற பெரிய ரகம் 100 கிலோவைத் தாண்டும். எதுவானாலும் ராம்ப் உடைந்து விழுவது அரிது. வழுக்குவது, நழுவுவது, கவிழ்வதுதான் நடக்கிறது. அதற்கெல்லாம் காரணம் சாய்வு.

சாய்வுக் கணக்கு

ராம்ப் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு இது: ஆள் உட்கார்ந்திருந்தால் 12க்கு 2, அதாவது ஒன்பதரை பாகை. வெறும் நாற்காலி என்றால் 12க்கு 3, அதாவது 14 பாகை. ஹையேஸின் பின்தளம் தரையிலிருந்து 62 செ.மீ. அளவில் இருக்கும். எவ்ரியும் அதையொட்டித்தான். டயர், ஸ்ப்ரிங், உள்ளே இருக்கும் சுமை எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும் என்பதால் உங்கள் வண்டியை நீங்களே அளந்துவிடுங்கள், பின்கதவைத் திறந்து, தரையிலிருந்து தளத்தின் இரும்பு விளிம்பு வரை.

62 செ.மீ. என்று வைத்தால் 5 அடி ராம்ப் 24 பாகையில் நிற்கும். அது ஏணி. 6 அடி கிட்டத்தட்ட 20 பாகை. 7 அடி 17 பாகை. 8 அடி 15 பாகைக்குச் சற்றுக் கீழே. ஆக 7 அடி ராம்ப் சமதரையில் வெறும் நாற்காலிக்கான வரம்பையே மூன்று பாகை மீறுகிறது. ஆளோடு ஏற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை: 62 செ.மீ. உயரத்துக்கு ஒன்பதரை பாகை வேண்டுமானால் 12 அடிக்கு மேல் நீளம் தேவை. அதை வைக்க நம்முடைய பாதையில் இடமும் இல்லை. நாற்காலியில் இருப்பவரை முதலில் வேன் சீற்றுக்கு மாற்றிவிட்டு, வெறும் நாற்காலியை ஏற்றுவதற்கான கருவி என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி மலையகத்துக்காரருக்கு உதவும் சங்கதி. பாதையின் சரிவு ராம்பின் சாய்வோடு கூடும், அல்லது அதிலிருந்து கழியும். வேனின் மூக்கு பள்ளத்தையும் பின்கதவு மேட்டையும் பார்த்து நின்றால், பாதை மூன்று பாகை சரிந்திருக்கும் இடத்தில் ராம்பின் 17 பாகை 14 ஆகிவிடும். மூன்று பாகை என்பது 20 அடிக்கு ஓர் அடி சரிவு, நம் தோட்டப் பாதைகளில் கண்ணை மூடிக்கொண்டு காட்டலாம். அதே இடத்தில் வேனைத் திருப்பிப் பின்கதவு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் 20 பாகை. ராம்ப் அதே, நாற்காலி அதே, இடமும் அதே. ஏறுவதும் கவிழ்வதும் அந்த ஆறு பாகையில் இருக்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பின்கதவு மேட்டுப்பக்கம் இருந்தால் வேன் தளமும் முன்பக்கமாகச் சரிந்திருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் பெல்ட்டைக் கழற்றும்போது நாற்காலி தானாக வெளியே வராது. பின்கதவு பள்ளத்தைப் பார்த்தால், கடைசிக் கொக்கியைக் கழற்றிய கணத்தில் 50 கிலோ இரும்பு கழற்றியவர் நெஞ்சுக்கு நேரே வரும். ஹயருக்கு வரும் டிரைவர்மார் வழக்கப்படி வாசலுக்குப் பின்பக்கத்தைக் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். வாசல் பள்ளத்தில் இருந்தால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு அடி தள்ளி, மேட்டுப்பக்கம் வாசல் இருக்கும்படி நிறுத்தச் சொல்லலாம். நாற்காலி அந்தத் தூரத்தை ஓடிக் கடக்கும், அதற்குத்தானே மோட்டார் இருக்கிறது.

மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கும் வேனுக்கு ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. கியர் வண்டியானால் ரிவர்ஸ் கியரில் போட வேண்டும், ஒட்டோ கியர் என்றால் P-யில். முன்டயர் இரண்டுக்கும் பள்ளத்துப்பக்கம் கட்டை. ஸ்டியரிங்கை மண்மேட்டுப்பக்கம் ஒடித்து வைப்பது நல்லது, வண்டி நகர்ந்தாலும் மேட்டில் முட்டும், பள்ளத்தில் இறங்காது. வழியில் கிடக்கும் கல்லைத் தேடி எடுப்பதைவிட, மூன்று அங்குல உயரத்துக்கு இரண்டு ஆப்புக் கட்டையை வேனிலேயே வைத்திருங்கள். உருண்டைக் கல் மழையில் வழுக்கும்.

ஒன்றை மட்டும் பாதைச் சரிவு மாற்றாது. ராம்பின் மேல்நுனி வேன் தளத்தோடு சேரும் மடிப்பும், கீழ்நுனி தரையோடு சேரும் மடிப்பும். வேன் பாதையோடு சேர்ந்தே சாய்வதால் அந்த இரண்டு மடிப்பும் எப்போதும் அதே 17 பாகைதான். கால்மிதி கீழே தட்டுவதும், பற்றரிப் பெட்டியின் அடி மேல்விளிம்பில் உரசி நாற்காலி நடுவில் தொங்குவதும் இங்கேதான். வேனை எப்படித் திருப்பி நிறுத்தினாலும் இது தீராது. ஏற்றுவதற்கு முன் கால்மிதியைக் கழற்றிவிட வேண்டும். பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரத்தைக் கழற்றாதீர்கள், அதன் உயரத்தை மாற்ற முடிந்தால் ஒரு துளை மேலே ஏற்றிக்கொள்ளலாம். நாற்காலியின் அடிவயிறு தரையிலிருந்து 6 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், ராம்ப் வாங்கும் முன் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

நுனித் தகடு

இந்த ராம்பின் பலவீனம் எங்கே என்று கேட்டால் மேல்நுனித் தகட்டைக் காட்டலாம். பல மாடல்களில் அது 8 முதல் 10 செ.மீ. அளவுதான். ஹையேஸின் பின்பம்பர் பிளாஸ்டிக், அது தளத்தின் இரும்பு விளிம்பைவிட வெளியே துருத்தி நிற்கும். தகடு குட்டையாக இருந்தால் பம்பரில் உட்காரும், இரும்பைத் தொடவே தொடாது. முதல் முறை எதுவும் தெரியாது. பிறகு பம்பரின் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடாக ஒரு மடிப்பு விழும், அடுத்து கிளிப் உடையும், அதற்கப்புறம் ஒரு நாள் சுமையோடு தகடு நழுவும். கடையில் கேட்க வேண்டியது நீண்ட நுனித் தகடு உள்ள மாடல் இருக்கிறதா என்பதை. இல்லாவிட்டால், பம்பருக்கு மேலாகத் தளத்தின் இரும்பில் தகடு ஐந்து செ.மீ.யாவது உட்காருகிறதா என்று வண்டியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

தகடு சரியாக உட்கார்ந்தாலும் ராம்ப் பின்னோக்கித் தள்ளப்படும். மோட்டார் சக்கரம் ஏறும்போது தன் காலடியில் இருப்பதைப் பின்னுக்கு உதைக்கிறது. உதைபடுவது ராம்ப். சேற்றில் ஊன்றிய கீழ்நுனி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மேல்நுனி விளிம்பை விட்டு இறங்கிவிடும். பெட்டியில் இரண்டு பாதுகாப்பு ஊசியோ ஒரு பட்டியோ வரும், பலர் அதை எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. ராம்பின் மேல்பக்கத் துளையிலிருந்து வேனுக்குள் சீற்றின் கால் வரை ஒரு பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டால் முடிந்தது. மழைக்காலத்தில் கீழ்நுனிக்கு அடியில் ஓர் அகலப் பலகை போட வேண்டும், புல்லிலும் ஈரமண்ணிலும் அலுமினிய நுனி கத்தி மாதிரி இறங்கும்.

மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சொரசொரப்பு டேப், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழைக்கு ஒரு பருவம் தாங்கினால் பெரிது. ஓரம் கிளம்பத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். பாதி கிளம்பிய டேப் இல்லாத டேப்பைவிட மோசம், சின்னச் சக்கரம் அதைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். மேற்பரப்பு டேப்பாக இல்லாமல் அலுமினியத்திலேயே பல் வெட்டிய மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுக்கலாம். வேனில் ஒரு தென்னந்தும்புப் பிரஷ் கிடக்கட்டும், ஏற்றும் முன் டயரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட.

இரட்டைத் தடம், இரும்புத் தகடு

இதே நீளத்தில் இரண்டு தனித் தடங்களாக, உள்ளுக்குள் இழுத்துச் சுருக்கும் வகையும் விற்கிறது. விலை குறைவு, எடை குறைவு, வேனில் இடமும் பிடிக்காது. மின் நாற்காலிக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். முன்சக்கர இடைவெளியும் பின்சக்கர இடைவெளியும் ஒன்றாக இல்லாத நாற்காலிகளே அதிகம். பின்சக்கரம் தடத்தின் நடுவில் இருந்தால் முன்சக்கரம் உள்விளிம்பில் தேய்க்கும். நடுவில் மோட்டார் சக்கரம் உள்ள ஆறு சக்கர நாற்காலிக்கும், மூன்று சக்கர ஸ்கூட்டருக்கும் சுத்தமாகப் பொருந்தாது.  இன்னொன்று, அந்த 270 கிலோ இரண்டு தடங்களுக்கும் சேர்த்துச் சொல்வது, ஒவ்வொன்றுக்கும் அல்ல.

வெல்டிங் பாஸிடம் சொல்லிச் செக்கர் பிளேட் என்ற புடைப்பு போட்ட இரும்புத் தகட்டில் அடித்துக்கொள்வதும் நடக்கிறது. வலுவுக்குக் குறைவில்லை. எடைதான் கேள்வி: 4 மி.மீ. செக்கர் பிளேட் சதுர மீற்றருக்கு 33 கிலோவைத் தாண்டும். 7 அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்றால் சட்டம் வைப்பதற்கு முன்பே 50 கிலோ. நாற்காலியையே இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம் அந்த உழைப்புக்கு. வீட்டு வாசலில் நிரந்தரமாக வைக்கவும், எப்போதும் ஒரே லொறியில் ஏற்றவும் இரும்பு சரி. ஹயர் வேனுக்கு அலுமினியம்தான்.

ஏற்றும் முறை

பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள நாற்காலியை முகம் முன்னே பார்க்க ஏற்ற வேண்டும், இறக்கும்போது பின்பக்கமாக வர வேண்டும். சாய்வில் எடை பள்ளத்துப்பக்கம் போய் விழும். மோட்டார் சக்கரம் பள்ளத்துப்பக்கம் இருந்தால் அந்த எடை பிடிமானமாக மாறும். திருப்பி, பின்பக்கமாக ஏற்றினால் எடை சின்னச் சக்கரத்துக்குப் போய், மோட்டார் சக்கரம் ஈர அலுமினியத்தில் வெறுமனே சுழலும். முன்சக்கரத்தில் மோட்டார் உள்ள ரகத்துக்கு எல்லாம் எதிர்மாறு.

வேகத்தைக் குறைந்த படியில் வைத்து, ஜோய்ஸ்டிக்கை எட்டும்படி பக்கவாட்டில் நின்று, நாற்காலியோடு கூடவே போக வேண்டும். ஜோய்ஸ்டிக் வலப்பக்கம் என்றால் ராம்பின் வலப்பக்கத் தரையில் நிற்கலாம். முதுகுப் பக்கம், அதாவது நாற்காலிக்குக் கீழே, ஒருவரும் நிற்கக் கூடாது. “கொஞ்சம் தள்ளிவிடுறேன்” என்று வருகிற உதவிக்காரர்கள் வந்து நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ராம்பில் வைத்து மோட்டாரை நியூட்ரலுக்கு மாற்றவே கூடாது. மின் நாற்காலிக்குத் தனி பிரேக் இல்லை. மின்சாரம் நின்றதும் மோட்டாருக்குள் இருக்கும் காந்த பிரேக் தானாகப் பிடிப்பதுதான் அதன் பிரேக். இரண்டு மோட்டாரிலும் உள்ள நெம்பைத் தள்ளி நியூட்ரல் ஆக்கினால் அந்தப் பிடி முழுவதும் போய்விடும். பற்றரி செத்துப்போன நாற்காலியை அப்படித் தள்ளி ஏற்ற வேண்டி வந்தால், முன்னால் வேனுக்குள்ளிருந்து கயிறு கட்டி, ஒருவர் சீற்றுக் காலில் சுற்றிப் பிடித்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் வேனுக்குள் ஒரு கை வின்ச் பூட்டுவது மேல். ஏற்றி முடித்ததும் இரண்டு நெம்பையும் திருப்பிப் போட்டு, நாற்காலியை முட்டித் தள்ளிப் பாருங்கள். ஒன்று மட்டும் பிடித்து மற்றது பிடிக்காமல் இருந்தால் நாற்காலி வட்டமடிக்கும்.

இறக்கும்போது மேல்விளிம்பில் ஒரு சிக்கல் உண்டு. பின்பக்கமாக நகரத் தொடங்கியதும் சின்னச் சக்கரங்கள் அரைவட்டம் திரும்பும், அந்தத் திருப்பத்தில் நாற்காலியின் முன்பக்கம் இரண்டு அங்குலம் பக்கமாக விலகும். வேன் தளத்திலேயே அரை அடி பின்னுக்கு நகர்த்தி, சின்னச் சக்கரங்களைத் திரும்ப விட்டு, நேராக்கிய பிறகு ராம்பில் இறக்கினால் ஓரம் தப்பிப் போகாது.

பெல்ட்

ராம்புக்குச் செலவழிக்கிறவர்கள் பெல்ட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். கயிறும், மோட்டார் சைக்கிள் கட்டும் ரப்பர் பட்டியும் நாற்காலிக்குப் போதாது. சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய நியமம், கடும் பிரேக்கில் பொருளின் எடையில் 80 விழுக்காடு முன்னோக்கியும், வளைவில் 50 விழுக்காடு பக்கவாட்டிலும் தள்ளும் என்று கணக்கெடுக்கிறது. 55 கிலோ நாற்காலிக்கு அது முன்னால் 44 கிலோ. ரப்பர் பட்டி நீண்டு கொடுத்தே தோற்றுவிடும். மோதல் என்றால் கணக்கு வேறு. சக்கர நாற்காலிக்கான ஐஎஸ்ஓ 7176-19 சோதனை மணிக்கு 48 கி.மீ. வேக மோதலைப் பாவனை செய்கிறது, அதில் விசை எடையின் 20 மடங்கைத் தொடும். அதே நாற்காலி 1,100 கிலோவாக முன்சீற்றின் முதுகில் வந்து இறங்கும்.

வெறும் நாற்காலிக்கு நான்கு ரெச்சட் பெல்ட் (பல் சக்கரத்தால் முறுக்கி இறுக்குவது) போதும். லேபிளைப் பாருங்கள். நீல லேபிள் பொலியெஸ்டர், பழுப்பு லேபிள் பொலிபுரோப்பிலீன். நீலத்தையே எடுங்கள், ஈரத்திலும் சுமையிலும் அது குறைவாக நீளும். எல்.சி. என்ற எழுத்துக்கு எதிரே இருப்பது வேலைச் சுமை, கிட்டத்தட்ட கிலோ என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரே பெல்ட்டுக்கு இரண்டு எண் போட்டிருந்தால் சிறியது நேராக இழுப்பதற்கு, பெரியது வளைத்துக் கட்டுவதற்கு. கடைக்காரர் சொல்வது பெரியதை. உங்களுக்கு வேண்டியது சிறியது. லேபிளே இல்லாத பெல்ட்டை வாழைக்குலை கட்ட வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. பின்பெல்ட் தரையோடு 30 முதல் 45 பாகை, முன்பெல்ட் 40 முதல் 60 பாகை, அதாவது முன்பெல்ட் சற்று நிமிர்ந்து இருக்கும். நாற்காலி முன்னே ஓடாமல் பிடிப்பது பின்பெல்ட்டுகள். றம்பொடை வளைவுகளில் நுவரெலியாவிலிருந்து இறங்கும்போதும், ஹப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கம் இறங்கும்போதும் முழு வேலையும் அந்த இரண்டுக்குத்தான். இருக்கிறதில் நல்ல ஜோடியைப் பின்னால் போடுங்கள். பெல்ட்டின் மறுமுனை தளத்தில் போல்ட் போட்ட இடத்தில், சீற்றுக் காலின் அடியில் மாட்ட வேண்டும். சீற்று முதுகின் குழாயில் அல்ல. தளத்தில் புதிதாகக் கொக்கி பூட்டுவதானால் தகட்டை மட்டும் நம்பித் துளைக்க வேண்டாம், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து நட் போட்டால்தான் பிய்த்துக்கொண்டு வராது. பெற்றோல் தாங்கியும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கராஜில் காட்டிவிட்டுத் துளைக்கச் சொல்லுங்கள்.

நாற்காலியில் கொக்கி மாட்டும் இடம், சட்டக் குழாய் இரண்டு சேரும் வெல்டிங் மூலை. கைப்பிடி, கால்மிதி, சக்கரம், மோட்டார், பற்றரிப் பெட்டி எதிலும் மாட்டக் கூடாது. கையால் கழற்றக் கூடியது எதுவும் கட்டுவதற்கு உகந்ததல்ல. மடக்கு நாற்காலியின் அலுமினியச் சட்டத்தை ரெச்சட்டால் முழுப் பலத்தோடு முறுக்கினால் குறுக்குக் குழாய் வளையும், அதற்குப் பிறகு நாற்காலி சரியாக மடியாது. பெல்ட் இறுகியதும் இன்னும் ஒரு பல், அவ்வளவுதான். மடக்கு ரகத்துக்கு ரெச்சட்டைவிட, அழுத்தி இழுக்கும் சாதாரண பக்கிள் நல்லது.

காற்று டயர் போட்ட நாற்காலி ஆட்டத்தில் அமுங்கி, பெல்ட் தளரும். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறுகிறவர்கள் புசல்லாவையிலும், அட்டனிலிருந்து இறங்குகிறவர்கள் கினிகத்தேனையிலும் நிறுத்தி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், தேநீருக்கு எப்படியும் நிறுத்தத்தானே போகிறீர்கள். மடித்து உள்ளே தள்ளிய ராம்பையும் கட்ட மறக்க வேண்டாம். நாற்காலியை நான்கு பெல்ட்டில் கட்டிவிட்டு, 20 கிலோ அலுமினியத்தைச் சீற்றுக்கு மேலே சும்மா போட்டுக்கொண்டு போகிற வேன்கள் உண்டு.

ஆள் நாற்காலியிலேயே உட்கார்ந்து போகலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நாற்காலிச் சட்டத்தில் நான்கு இடத்தில் கொக்கி அடையாளம் ஒட்டியிருந்து, கையேட்டிலும் ஐஎஸ்ஓ 7176-19 என்று எழுதியிருந்தால் போகலாம். அதற்கும் ஐஎஸ்ஓ 10542 தரத்து நான்கு முனைப் பெல்ட் தொகுதி, வேன் உடலில் பூட்டிய இடுப்பு, தோள் பெல்ட், தலைச்சாய்வு எல்லாம் வேண்டும், முகம் முன்னே பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பி உட்கார வைப்பது எந்த நாற்காலியிலும் ஆபத்து. நாற்காலியோடு வரும் மடிப் பட்டி உடலை நிமிர்த்தி வைக்கத்தான், மோதலுக்கு அல்ல. உயரத்தையும் பாருங்கள்: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவருக்குத் தலைவரை 1.3 முதல் 1.4 மீற்றர் வேண்டும், எவ்ரியில் உள்ளுயரம் அதற்குப் போதாது. ஹை ரூஃப் கே.டி.எச். ஹையேஸ் சரிவரும். இங்கே விற்கும் இலகு மடக்கு நாற்காலி பலவற்றில் அந்தக் கொக்கி அடையாளம் இருக்காது. அப்படியானால் ஆளை வேன் சீற்றுக்கு மாற்றி, சீற்று பெல்ட் போட்டுவிடுவதுதான் வழி.

பற்றரி, ஜோய்ஸ்டிக், மழை

கழற்ற முடிந்த பற்றரியைக் கழற்றித் தனியே கொண்டுபோங்கள். 24 வோல்ட் 12 ஆம்பியர்-மணி லித்தியம் பொதி 3 கிலோவுக்குள் அடங்கும். மடியில் வைக்க வேண்டாம், சீற்றின் கீழே துணி சுற்றி, முனையில் டேப் ஒட்டி வைக்கலாம். கொழும்புக்கு இறங்கும் நாளில் வெயிலில் மூடிய வேனுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீங்கிய பொதியை வேனில் ஏற்றவே கூடாது.

சீல் செய்த ஈயப் பற்றரியைச் சட்டத்திலேயே விட்டு, மெயின் பிரேக்கரை மட்டும் அணைத்தால் போதும். ஆனால் சீல் பற்றரி செத்த பின் கார் பற்றரியைப் பொருத்திக்கொண்ட நாற்காலிகள் தோட்டப் பக்கங்களில் உண்டு. வளைவுகளில் அசிட் சிந்தும், மூடிய வேனில் வாயு நிற்கும். அப்படியான நாற்காலியை வேனில் ஏற்றுமுன் பற்றரியை இறக்கிவிட வேண்டும், வேறு பேச்சில்லை.

பவரை அணைத்த பிறகும் ஜோய்ஸ்டிக் பிளக்கைக் கழற்றுங்கள். பை ஒன்று உருண்டு வந்து பட்டனில் இடித்தால் நாற்காலி பெல்ட்டோடு மல்லுக்கட்டும், மோட்டார் சூடாகிப் பியூஸ் போகும். கழற்றிய பிளக்கின் வாயை பொலித்தீன் சுற்றி ரப்பர் வளையம் போடலாம். டிமோ பட்டா என்ற சிறு லொறியிலோ வேறு திறந்த லொறியிலோ ஏற்றினால் முழு நாற்காலியையும் தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும், ஜோய்ஸ்டிக்கை டிரைவர் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பட்டாவின் தளம் வேனைவிட உயரமாக இருப்பதால் மேலே சொன்ன பாகைக் கணக்கை அளந்து மறுபடி போட்டுப் பாருங்கள். 7 அடி பெரும்பாலும் போதாது, மண்மேட்டை ஒட்டிப் பின்பக்கத்தைக் கொடுத்து உயரத்தைக் குறைக்க முடிந்தால் பார்க்கலாம்.

ஆட்டோவில் மடக்கு ரகம் மட்டும் போகும், பற்றரியைக் கழற்றி, கால் வைக்கும் இடத்தில் நிமிர்த்தி, டிரைவர் சீற்றுக்குப் பின்னுள்ள குறுக்குக் கம்பியோடு இரண்டு பெல்ட்டால் கட்டினால். கூரையில் ஏற்றுவது, பின்னால் தொங்கவிடுவது இரண்டும் வேண்டாம்.

பனியும் மழையும் ரெச்சட்டைத்தான் முதலில் தின்னும். பல்லுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், துணியில் படாமல். நனைந்த பெல்ட்டைச் சுருட்டி வைக்காமல் விரித்துத் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது. ஓரத்தில் வெட்டு விழுந்த பெல்ட்டைத் தைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

வாங்குவது என்றால்

ஹையேஸ், கேரவன், எவ்ரிக்கு: நீண்ட நுனித் தகடு உள்ள 7 அடி ஒற்றைப் பலகை ராம்ப். வீட்டு வாசலும் வேன் நிற்கும் இடமும் சரிந்தே இருந்து, மேட்டுப்பக்கம் திருப்பி நிறுத்தவும் வழியில்லாவிட்டால் 8 அடி. மூன்று நாலு கிலோ கூடும், இரண்டு பேர் தூக்க வேண்டி வரும். லித்தியம் மடக்கு நாற்காலி வைத்திருந்து, தூக்க இரண்டு பேர் எப்போதும் உடனிருந்தால் ராம்பே தேவையில்லை. அந்தக் காசை நல்ல பெல்ட்டுக்குப் போடுங்கள். காருக்குள் பூட்டும் மின் தூக்கி ஒரே வண்டியில் நிரந்தரமாகப் போகிறவருக்குத்தான், ஹயரில் போகிறவருக்குப் பயனில்லை.

கடையில் ராம்பை விரிக்கச் சொல்லி, நடு மடிப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பலகையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சின்னச் சக்கரம் அதில் பிடிக்கும். பிணைச்சல் ஊசி ஒன்றையாவது இழுத்து ஆட்டிப் பாருங்கள், புதிதிலேயே ஆடினால் இன்னொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓரத் தடுப்பு இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். நாற்காலியின் வெளி அகலத்தை அளந்துகொண்டு போங்கள், டயர் விளிம்பிலிருந்து விளிம்புவரை. 75 செ.மீ. என்று சொல்வது பலகையின் வெளி அகலம். தடுப்பு இரண்டுக்கும் இடையே ஓடக் கிடைப்பது அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவு.